துணைப்பாடமாக வந்த சீனம்

மேலகரத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர். இன்னொருவர் திருவாவடுதுறை ஆதீனத் தலைவராக இருந்த சுப்பிரமணிய தேசிகர். முதலாமவரைத் தென்காசி வட்டாரத்தில் பள்ளிப்பிள்ளைக்கும் தெரியும். இரண்டாமவரைத் தெரிந்துகொள்ள உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ படித்திருக்க வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்ததும், ஆசிரியரை இழந்து நின்ற இளைஞர் சாமிநாதையருக்குப் பாடம் சொன்னவர் இந்த மேலகரத்துக்காரர். 1880இல் கும்பகோணம் கல்லூரி வேலைக்கு அவரை அனுப்பி வைத்தவரும் இவரே.

கும்பகோணத்தில் பதிப்பு வேலை சூடுபிடித்தது. 1887இல் சீவக சிந்தாமணி வந்தது, 1898இல் மணிமேகலை. சிந்தாமணிக்காகச் சமணர் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து பாடம் கேட்ட ஐயருக்கு, மணிமேகலைக்குப் போய்க் கேட்கப் பௌத்தர் வீடு ஒன்றும் தமிழ்நாட்டில் இல்லை. ஆங்கில நூல்களைப் படித்துச் சொல்ல ரங்காசாரியர் போன்ற நண்பர்கள் உதவினார்கள். அப்படியும் 29ஆம் காதை முரண்டு பிடித்தது. அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக்கொடுக்கும் பகுதி அது. பக்கம், ஏது, திட்டாந்தம் என்று போய், போலிகளை வகை வகையாகப் பிரித்து அடுக்கும். காப்பியம் படிக்க உட்கார்ந்தவர் கையில் திடீரென்று ஒரு தருக்க நூல் இருக்கும்.

அந்தக் காதைக்கு மிக நெருங்கிய உறவுள்ள நூல் ‘நியாயப்பிரவேசம்’ என்ற சிறிய வடமொழிப் பாடநூல் என்பதை 1920களில் குப்புசாமி சாஸ்திரி முதலானவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதை எழுதியவர் காஞ்சிப் பக்கத்துத் திங்நாகரா, அவர் வழிவந்த சங்கரசுவாமியா என்று ஒரு வழக்கு எழுந்தது. திபெத்திய மரபு திங்நாகர் என்றது; சீன மரபு சங்கரசுவாமி என்றது. சீனத்தில் அதை மொழிபெயர்த்தவர் யாத்திரிகர் யுவான் சுவாங், ஆண்டு 647. ஆசிரியர் யார் என்பதைப் பொறுத்து மணிமேகலையின் காலமும் முன்னும் பின்னும் நகரும். தமிழ்க் காப்பியம் ஒன்றின் வயதைக் கணக்கிடப் போனவர்கள் சீன ஏட்டுச் சாட்சியைக் கேட்காமல் நகர முடியாமல் போனது.

சீனம் தமிழர்களிடம் வந்ததெல்லாம் இந்த மாதிரிதான். நேரே அதைத் தேடிப் போனவர் குறைவு. வேறொன்றைப் படிக்கவோ விற்கவோ வணங்கவோ போன இடத்தில் அது குறுக்கே வந்தது. தேவைப்பட்ட அளவுக்குக் கற்றார்கள், அல்லது கற்றவரைக் கூலிக்கு வைத்துக்கொண்டார்கள். நம் கல்லூரிகளில் மேஜர், அலைடு என்று பிரிப்பார்கள். ஐஐடி போன்ற இடங்களில் ‘மைனர்’ என்கிறார்கள். இயந்திரவியலோ பொருளியலோ முதன்மைப் பாடமாக இருக்க, பக்கத்தில் சீன மொழியும் பண்பாடும் துணைப்பாடமாகப் படிப்பது இன்று உலகப் பல்கலைக்கழகங்களில் சாதாரணம். பெயர் புதிது. பழக்கத்துக்கு வயது ஆயிரத்து முந்நூறுக்கும் மேல்.

குற்றாலத்து மலைத்தொடரிலிருந்தே தொடங்கலாம். யுவான் சுவாங் 640 வாக்கில் காஞ்சிபுரம் வந்தார். இலங்கை போவது திட்டம். அங்கே பஞ்சமும் குழப்பமும் என்று அங்கிருந்து வந்த பிக்குகள் சொல்ல, திரும்பிவிட்டார். ஆனாலும் தெற்கே இருந்த பாண்டிய நாட்டைப் பற்றிக் கேட்டு எழுதிவைத்தார். அங்கே மலயம் என்ற மலை, இதே தொடர்தான்; அதில் சந்தன மரங்கள். சந்தனத்தையும் அதைப் போலவே இருக்கும் வேறு மரத்தையும் எப்படிப் பிரித்தறிவது? கோடையில் உயரத்தில் ஏறிப் பார்ப்பார்களாம். குளிர்ச்சிக்காகப் பெரிய பாம்புகள் சுற்றிக் கிடக்கும் மரம் எதுவோ அது சந்தனம். தூரத்தில் நின்று அம்பெய்து அடையாளம் வைத்துவிட்டு, குளிர்காலத்தில் பாம்புகள் அடங்கிய பிறகு போய் வெட்டுவார்களாம். பொதிகை அடிவாரத்துக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். ஆனால் விற்கிறவன் விலை ஏற்றச் சொல்லும் கதையின் வாசனை அதில் தெளிவாக அடிக்கிறது.

மலயத்துக்குக் கிழக்கே பொதலகம் என்றொரு மலை, உச்சியில் ஏரி, அங்கே அவலோகிதேசுவரர் வந்துபோவார் என்றும் அவர் எழுதினார். சீனத்தில் குவான்யின் ஆகிக் கோடிக்கணக்கானவர்கள் கும்பிடும் அதே அவலோகிதர்தான். அந்தப் பொதலகம் நம் பொதிகையே என்று வாதிட்டவர்களில் தமிழகத்துப் பௌத்தத்தை ஆராய்ந்த ஜப்பானியர் ஷூ ஹிகோசகா முக்கியமானவர். எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவல்ல அது. இருந்தாலும் தமிழ்ப் பக்கத்தில் ஒரு துணைச் சாட்சி உண்டு: 11ஆம் நூற்றாண்டில் புத்தமித்திரர் எழுதிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்ததே அவலோகிதனிடம்தான் என்கிறது. பொதிகை முனிவருக்குச் சிவன் தமிழ் சொல்லிக்கொடுத்தார் என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது புதிதாக இருக்கும்.

அந்தப் பொதலகத்தை அடுத்த மலய நாட்டிலிருந்து ஒருவர் சீனத்துக்கே போனார் என்று ஒரு சீன வரலாறு சொல்கிறது. வச்சிரபோதி என்பது அவர் பெயர். காஞ்சிப் பல்லவ அரசவையோடு தொடர்பு இருந்தது. இலங்கை வழியாகக் கப்பலேறி 719இல் குவாங்சோ சேர்ந்தார். வழியெல்லாம் புயல், உடன் வந்த பாரசீக வணிகக் கப்பல்கள் பல சிதறிப்போயின. சீனத் தலைநகரில் மந்திர நூல்களை மொழிபெயர்த்தார். மொழிபெயர்ப்பு அன்று ஒற்றை ஆள் வேலையாக இருக்கவில்லை. ஒருவர் மூலத்தை வாசிக்க, ஒருவர் பொருள் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் நடையைச் செப்பம் செய்வார். வச்சிரபோதியுடன் உட்கார்ந்தவர்களில் சீனாவின் பெரும் வானியலாளர்களில் ஒருவரான யீசிங் என்ற துறவியும் உண்டு. வச்சிரபோதி 741இல் லுவோயங்கில் காலமானார், ஊர் திரும்பவில்லை.

காஞ்சியிலிருந்து போனது ஆள் மட்டுமல்ல. தர்மபாலர் என்ற காஞ்சிக்காரர் ஆறாம் நூற்றாண்டில் நாளந்தாவின் தலைவராக இருந்தார். அமைச்சரின் மூத்த மகன். அரசன் தன் மகளையே கொடுக்க நிச்சயித்தான். கல்யாணத்துக்கு முந்திய இரவு புத்தர் சிலை முன் அழுது வேண்டினார், தெய்வம் ஒன்று அவரைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொலைதூரத்து மடத்தில் விட்டது என்று யுவான் சுவாங் கதை எழுதுகிறார். ஓடிப்போன மாப்பிள்ளைக்கு இதைவிட மரியாதையான விளக்கம் கிடைக்காது. தர்மபாலரின் மாணவர் சீலபத்திரர். சீலபத்திரரின் மாணவர் யுவான் சுவாங். சீனத்துக்குத் திரும்பிய யுவான் சுவாங் 659இல் தொகுத்த ஒரு பெருநூலின் முதுகெலும்பே தர்மபாலரின் கருத்துகள்தான்.

இந்தியாவில் தர்மபாலரின் நூல்கள் அழிந்தன. திங்நாகரின் ‘ஆலம்பன பரீட்சை’ என்ற நூலுக்கு அவர் எழுதிய உரை, இட்சிங் என்ற சீனத் துறவி செய்த மொழிபெயர்ப்பில் மட்டும் பிழைத்துக் கிடந்தது. அதை மறுபடி வடமொழிக்குக் கொண்டுவந்தவர் ந.அய்யாசுவாமி சாஸ்திரி. வெளியிட்டது சென்னை அடையாறு நூலகம், 1942இல். காஞ்சியில் பிறந்தவர் எழுதிய உரை, சீனம் போய், ஆயிரத்து இருநூறு ஆண்டுக்கு மேல் அங்கே தங்கி, காஞ்சியிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் அச்சேறியது. சாஸ்திரி பிற்பாடு சாந்திநிகேதனிலும் இருந்து இதே மாதிரிச் சீனத்திலிருந்து பல நூல்களை மீட்டார். அரிவர்மனின் ‘சத்தியசித்தி சாஸ்திரம்’ அவற்றில் பெரியது. அவருடைய முதன்மைப் பாடம் வடமொழியும் பௌத்தமும். சீனமும் திபெத்தியமும் கருவிகள். அவரளவுக்கு அந்தக் கருவியைப் பயன்படுத்தியவர் தென்னாட்டில் வேறு யாரும் கண்ணுக்குப் படவில்லை. ஆனால் தமிழ்ப் பௌத்தம் பற்றிய மேடைப் பேச்சுகளில் அவர் பெயர் காதில் விழுவதே அபூர்வம்.

துறவிகள் மொழி படித்தார்கள். வணிகர்கள் துபாஷி வைத்துக்கொண்டார்கள்.

ராசராச சோழன் அனுப்பிய தூதுக்குழு 1015இல் சொங் பேரரசனின் அவைக்குப் போய்ச் சேர்ந்தது. ஐம்பத்திரண்டு பேர், வழியில் கழிந்தவை 1,150 நாட்கள் என்று சீன அரச வரலாறு கணக்குச் சொல்கிறது. தட்டு நிறைய முத்தும் பச்சைக் கண்ணாடியும் ஏந்திப் போய் அரியணைக்கு முன் பரப்பிவிட்டு, கீழே இறங்கி வணங்கினார்கள். பிறகு அவர்கள் பேச, துபாஷி அதைச் சீனத்தில் எடுத்துச் சொன்னார். அந்தத் துபாஷி யார், அந்த மொழியை எங்கே கற்றார் என்று ஏட்டில் ஒரு வரி இல்லை. 1077இல் குலோத்துங்கன் காலத்துக் குழுவில் 72 பேர் போனார்கள். பதிலுக்கு 81,800 சரம் செப்புக்காசு கிடைத்தது. காசை எண்ணிய எழுத்தர்கள் துபாஷியின் பெயரை எழுதவில்லை.

இருமொழி தெரிந்தவர்கள் விட்டுப்போன தடயம் இரண்டு கற்களில் இருக்கிறது. ஒன்று சீனத் துறைமுகமான சுவான்சோவில் 1956இல் கிடைத்தது. சகாப்தம் 1203, அதாவது 1281, சித்திரை மாதம். சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர், அங்கே சிவனைத் திருக்கதலீசுவரமுடைய நாயனார் என்ற பெயரில் எழுந்தருளச் செய்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அது. சீனப் பேரரசனின், அதாவது குப்ளாய் கானின், நலத்துக்காக என்று காரணமும் சொல்கிறது. கடைசி வரி மட்டும் சீன எழுத்தில். தமிழ்ச் சிற்பியா, சீனக் கல்தச்சரா, இருவரும் ஒரே கல்லின் முன் உட்கார்ந்தார்களா? அந்நகரில் கிடைத்த சைவ, வைணவச் சிற்பத் துண்டுகளைப் பார்த்தால் இரண்டு கையும் கலந்தது தெரிகிறது. கதை நம்மூர்க் கதை. ஓரத்துப் பூவேலை சீனப் பூவேலை.

இரண்டாவது கல் எதிர்த்திசையில் பயணம் செய்தது. 1409இல் நான்சிங்கில் செதுக்கி, மிங் கடற்படைத் தளபதி செங் ஹவின் கப்பலில் ஏற்றி, இலங்கையில் இறக்கியது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே பலகையில். சீன வாசகம் புத்தருக்கு. தமிழ் வாசகம் தென்னாவர நாயனார் என்ற உள்ளூர்த் தெய்வத்துக்கு. பாரசீக வாசகம் அல்லாவுக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் யாருக்கும் குறை வைக்காமல் அநேகமாக ஒரே மாதிரி. 1911இல் காலி நகரில் ஒரு மதகில் கவிழ்த்துப் போட்டிருந்த கல்லாக இது அகப்பட்டது. இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நான்சிங்கில் தமிழ் எழுதத் தெரிந்த ஓர் ஆள் அன்று இருந்திருக்கிறார் என்பதற்கு இந்தக் கல்லைவிட வேறு சான்றிதழ் வேண்டாம். அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான், 1407இல், மிங் அரசு அயல்மொழிகளைச் சொல்லிக்கொடுக்கத் தலைநகரில் ஒரு கூடம் திறந்திருந்தது. அதன் தொடக்கப் பாடங்களில் தமிழ் இல்லை. ஆக அந்த எழுத்தர் தமிழைக் கற்றது அரசுக் கூடத்தில் அல்ல. துறைமுகத்திலாக இருக்கலாம், கப்பல் தளத்திலாக இருக்கலாம்.

திருநெல்வேலிச் சீமையின் கடலோரமும் இந்தப் பாதையில் இருந்தது. தாமிரபரணி முகத்துவாரத்துக் காயலை மார்க்கோ போலோ புகழ்ந்தான். மிங் வரலாறும் அதைத் தன் நாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறது. பாதிரியார் கால்டுவெல் பழையகாயல் மணலில் நடந்து சீன, அரேபிய ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்கினார். 1881இல் வந்த தன் திருநெல்வேலி வரலாற்றில் அதை எழுதினார். மலைக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவு கணவாயைத் தாண்டினால் கொல்லம். குப்ளாய் கானின் தூதர் யாங் திங்பி வந்து இறங்கிய துறைமுகம். 2014இல் அங்கே கடலைத் தூர் வாரியபோது சீனக் காசுகள் குவியலாக வந்தன. தென்காசிக்காரருக்குக் கொல்லம் இன்று முந்திரிக்கும் மீனுக்கும் போகிற ஊர். பதிமூன்றாம் நூற்றாண்டில் சீனத்துக்கு அதுவே மேற்கு வாசல்.

செங் ஹவுடன் வந்த மா ஹுவான் என்ற முஸ்லிம் துபாஷி அரபு தெரிந்தவர். கொச்சியில் செட்டிகளைப் பார்த்தார். முத்தும் மணியும் வாசனைப் பொருளும் வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு சீனக் கப்பலுக்குக் காத்திருப்பார்கள் என்றார். கள்ளிக்கோட்டையில் கணக்குப் பார்க்கும் விதத்தைக் கண்டு வியந்துபோனார். சீனரைப் போல மணிச்சட்டம் கிடையாது. இரண்டு கை, இரண்டு கால், இருபது விரல், அவ்வளவுதான். ஒரு இம்மி பிசகாது என்று எழுதியிருக்கிறார். பேச்சு நடந்தது பெரும்பாலும் மூன்றாவது மொழியில்தான் இருக்கவேண்டும். அரபோ பாரசீகமோ நடுவில் நின்றபோது, தமிழனுக்குச் சீனமும் சீனனுக்குத் தமிழும் கட்டாயத் தேவை ஆகவில்லை.

சிங்கப்பூரிலும் அதே கதை. கைத்தறி நொடித்த பிறகு கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் பெருவாரியாகக் கப்பலேறினார்கள். மற்றத் தமிழர்களில் ஆண்கள் தனியே போக, இவர்கள் குடும்பத்தோடு போனார்கள். துறைமுக வேலைக்கு வசதியாகத் தஞ்சோங் பகார் பக்கம் குடியிருந்தார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றார்கள். 1941இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. 1946இல் அது தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி பிற்பாடு உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982வரை நடந்தது. அக்கம்பக்கம் ஹொக்கியன் பேசும் சீனர்கள். மிளகாய்த்தூள் வாங்க வரும் சீனப் பெண்ணிடம் பேச அரைகுறைச் சந்தை மலாய் போதும். பிள்ளைக்குத் தமிழும் ஆங்கிலமும் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கூடம் கட்டியவர்களுக்குச் சீனம் காதோடு நின்ற பாடம். மலேசியாவிலோ பிற்பாடு நிலைமை மாறியது. சீன ஆரம்பப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்கும் தமிழ்க் குடும்பங்களை அங்கே இன்று தாராளமாகப் பார்க்கலாம்.

வகுப்பறைக்கு வருவோம். இந்தியாவில் சீனப் பாடம் முதலில் முளைத்த மண் வங்காளம். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1918இல் ஒரு தொடக்கம். 1921இல் பிரெஞ்சு அறிஞர் சில்வாங் லெவி சாந்திநிகேதனில் சீனமும் திபெத்தியமும் நடத்தினார். தாகூர் 1924இல் சீனா போய்வந்தார். 1927இல் சிங்கப்பூரில் அவரைச் சந்தித்த தான் யுன்-ஷான் என்ற இளைஞர் அடுத்த ஆண்டே சாந்திநிகேதன் வந்தார். பணம் திரட்டவும் புத்தகம் திரட்டவும் சீனாவுக்கும் வங்காளத்துக்கும் நடையாய் நடந்தார். 1937 ஏப்ரல் 14 அன்று சீன பவனம் திறந்தது. நேரு திறந்துவைப்பதாக இருந்தது. உடம்பு சரியில்லை, அவர் உரையை எடுத்துக்கொண்டு வந்தவர் மகள் இந்திரா.

இருபத்தைந்து ஆண்டில் எல்லாம் தலைகீழாயிற்று. 1962 இந்திய-சீனப் போருக்குப் பிறகு சீனம் தெரிந்த பேராசிரியரைவிடச் சீனம் தெரிந்த ராணுவ அதிகாரி அவசரத் தேவை ஆனார். தில்லிப் பல்கலைக்கழகத்தில் 1964இல் சீன ஆய்வு மையம் வந்தது. சாந்திநிகேதன் சீனத்தைப் பௌத்த ஏட்டுக்காகப் படித்தது. தில்லி அண்டை நாட்டைப் புரிந்துகொள்ளப் படித்தது. பாடப்புத்தகமே வேறு. முன்னதில் தர்மபாலர் இருந்தார். பின்னதில் சீனாவின் ‘மக்கள் நாளிதழ்’ தலையங்கம்.

அதே வேளையில் பீக்கிங்கில் நடந்ததுதான் சுவாரசியம். 1960களின் தொடக்கத்தில் பீக்கிங் ஒலிபரப்புக் கல்லூரியில் சீன மாணவர்கள் தமிழ் படிக்க உட்கார்ந்தார்கள். 1963 ஆகஸ்ட் 1 அன்று பீக்கிங் வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது. போர் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிற்றலையில் தமிழ். பிரச்சாரம் நோக்கம் என்பதில் ஒளிவுமறைவு இல்லை; மாவோ மேற்கோள்கள் தமிழில் வந்த காலம் அது. ஆனால் பிரச்சாரம் வெளுத்துப்போன பிறகும் குரல்கள் நின்றன. கலையரசி, வாணி என்று தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட சீன அறிவிப்பாளர்கள், ‘நேயர்களே’ என்று தொடங்கி ஒரு கொச்சைச் சொல் விழாமல் எழுத்துத் தமிழிலேயே பேசுவார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் நேயர் மன்றங்கள் முளைத்தன. இரைந்துகொண்டே ஊசலாடும் சிற்றலையில் முள்ளை மயிரிழை நகர்த்திப் பிடித்து, அலைவரிசை, நேரம், தெளிவு எல்லாவற்றையும் தாளில் குறித்து அனுப்பினால் அங்கிருந்து அட்டை வரும், நாட்காட்டி வரும், சிவப்புக் காகிதத்தில் வெட்டிய பூ வரும். பல்கலைக்கழகம் பக்கமே போகாத பல தமிழர்கள் சீனாவைப் பற்றிப் படித்த பாடம் அந்த உறைகளில்தான் வந்தது.

பிற்பாடு அந்த வானொலி ‘தமிழ் மூலம் சீனம்’ என்று ஒரு பாட நிகழ்ச்சியும் நடத்தியது. ஆசிரியர் சீனர், விளக்கம் தமிழில். ஆங்கிலத்தைத் தொடாமல் சீனம் கற்க வழி காட்டிய முயற்சி என்பதால் அதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. வானொலியில் சீனம் கற்பதில் ஒரு சங்கடம் உண்டு: எழுத்தைக் காட்ட முடியாது. ஆனால் ஓசை ஏற்ற இறக்கத்தைக் காதில் போட முடியும். சீனத்தில் பாதிக் கஷ்டம் அங்கேதானே. ஒரே அசை நான்கு சுரத்தில் நான்கு பொருள் தரும். பக்கத்தில் மனிதர் இல்லாமல் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிடிக்க முடியாது.

புத்தகத்தில் அதை முயன்றவர் ‘பயணி’ என்ற பெயரில் எழுதும் ஸ்ரீதரன் மதுசூதனன். இந்திய வெளியுறவுப் பணியில் சேருகிறவர்கள் ஓர் அயல்மொழி கற்பது கட்டாயம். அவருக்கு அது சீனம். பெய்ஜிங்கிலும் ஹாங்காங்கிலும் வேலை பார்த்தார். ‘சீன மொழி – ஓர் அறிமுகம்’ எழுதினார். பிறகு சீனரின் மிகப் பழைய பாடல் தொகையான ‘ஷிசிங்’கிலிருந்து பாடல்களைத் தேர்ந்து நேரடியாகத் தமிழாக்கினார், 2012இல் காலச்சுவடு வெளியிட்டது. அந்தத் தொகையில் 305 பாடல்கள், பெரும்பாலானவை ஊர்ப்பாட்டு: காத்திருக்கும் பெண், போருக்குப் போன கணவன், அறுவடை. சங்கப் பாடல் படித்தவருக்கு அந்நியமாகத் தெரியாது. கவிதைக்கு ஆங்கில இடைத்தரகர் வேண்டாம் என்று அவர் நிரூபித்தார் என்பதே பெரிய காரியம். அலுவலகத்துக்காகக் கற்ற மொழி கவிதைக்கு உதவியது. அலுவலகம் அதைக் கேட்கவில்லை.

கல்லூரிகளின் கதை இவ்வளவு நேராகப் போகவில்லை. சீனம் கற்பிக்கும் சீன அரசின் கன்பூசியஸ் நிறுவனங்கள் உலகெங்கும் பரவியபோது தமிழ்நாட்டிலும் கால் வைத்தன. வேலூர் விஐடியிலும் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் அந்தப் பெயர் அடிபட்டது. 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் மோடியும் ஷி ஜின்பிங்கும் இளநீர் குடித்தபோது சீன வகுப்புகளுக்கு நல்ல காலம் என்று பலர் நினைத்தார்கள். 2020 ஜூனில் எல்லையில் கல்வான் மோதல். ஆகஸ்டில் கன்பூசியஸ் நிறுவனங்களை மறுபரிசீலனை செய்யப்போவதாகச் செய்தி. வேலூரும் கோவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. அந்த மாதங்களிலேயே தேசியக் கல்விக் கொள்கையும் வந்தது. 2019 வரைவில் உயர்நிலைப் பள்ளிக்கான அயல்மொழி உதாரணங்களில் சீனம் இருந்தது. 2020 இறுதி வடிவில் கொரியம், ஜப்பானியம், தாய் எல்லாம் இருக்க, சீனத்தைக் காணோம். எதிரி என்றால் அவன் மொழியைக் கூடுதலாகப் படிக்க வேண்டும் என்பது 1964இல் தில்லிக்குத் தெரிந்திருந்தது. இந்த முறை ஏனோ நேர்மாறாக யோசித்தார்கள்.

சீனப் பக்கம் கதவு அடைபடவில்லை. பெய்ஜிங் அயல்மொழிப் பல்கலைக்கழகம் 2018இல் தமிழை எடுத்துக்கொண்டது; குன்மிங்கில் உள்ள யுன்னான் மின்சு பல்கலைக்கழகத்திலும் தமிழ் இருக்கிறது. அங்கே தமிழ் மேஜர். தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்டு நான்கு ஆண்டு படிக்கிறார்கள்.

இங்கே இன்று சீனத்தை உண்மையிலேயே துணைப்பாடமாகப் படிக்கிறவர்கள் யார் என்று கேட்டால் விடை மொழித்துறைகளில் இல்லை. சீனாவில் எம்.பி.பி.எஸ். படிக்கப் போன பிள்ளைகள்தான். தமிழ்நாட்டின் சிறு நகரங்களிலிருந்தும் பெற்றோர் கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள். வகுப்பு ஆங்கிலத்தில் என்று விளம்பரம் சொல்லும். அது ஓரளவு உண்மை. ஆனால் மருத்துவமனை வார்டில் படுத்திருக்கும் கிழவிக்கு ஆங்கிலம் தெரியாது. எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, சாப்பிட்டது என்ன என்பதைச் சீனத்தில் கேட்க வேண்டும். அவர் சொல்வதோ அந்த வட்டாரப் பேச்சில் இருக்கும். வகுப்பில் கற்ற பொதுச் சீனமான புதுங்ஹுவா அங்கே பாதிதான் உதவும்.

கொரோனாவால் 2020 தொடக்கத்தில் ஊர் திரும்பிய இந்த மாணவர்கள் இரண்டரை ஆண்டு கைபேசியில் பாடம் கேட்டார்கள். 2022 ஆகஸ்டில் விசா மறுபடி கிடைக்கத் தொடங்கியது. செப்டம்பரில் பெய்ஜிங் இந்தியத் தூதரகம் புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 2015 முதல் 2021 வரை சீனாவில் படித்துவிட்டு இந்தியத் தகுதித் தேர்வு எழுதியவர்கள் 40,417 பேர், தேறியவர்கள் 6,387 பேர் என்ற கணக்கு அதில் இருந்தது. செய்தித்தாள்கள் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டன. அதே அறிக்கையில் இன்னொரு விதியும் இருந்தது: ஆங்கில வழியில் படித்தாலும் சீன மொழித் தேர்வான எச்.எஸ்.கே.யில் நான்காம் நிலை தேற வேண்டும். தேறாவிட்டால் பட்டம் கிடையாது. அந்நிலைக்குப் பழைய பாடத்திட்டம் கேட்பது 1,200 சொற்கள். உடற்கூற்றியலிலும் மருந்தியலிலும் முதல் மதிப்பெண் வாங்கினாலும் அந்த 1,200 சொல் கைவசம் இல்லையென்றால் மருத்துவப் பட்டத்தைப் பல்கலைக்கழகம் கையில் வைத்துக்கொள்ளும்.